ஆலன் பேஜ்: எம்விபி வாங்கிய தடுப்பாட்டக்காரர் நீதிபதி ஆன கதை

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 10

அண்ணா, அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் இறுதிப் போட்டி, சூப்பர் பௌல் பார்த்தீர்களா? ஈகிள்ஸ் அணியின் தடுப்பு வரிசை எதிரணி குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மஹோம்ஸை ஆறு தடவை கீழே சாய்த்தது. 40-22 என்று ஜெயித்ததே அவர்களால்தான். ஆனால் எம்விபி, அதாவது மிகச் சிறந்த வீரர் விருது, ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸுக்கு. தடுப்பாட்டக்காரர் யாருக்காவது எப்போதாவது எம்விபி கிடைத்திருக்கிறதா? இன்னொன்று. இவர்கள் வாழ்க்கை முப்பத்தைந்து வயதோடு முடிந்துவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் முட்டி வலி, தலைவலி, மறதி. இல்லை என்றால் ஒரு ஆளைக் காட்டுங்கள்.

பிப்ரவரி 10, இரவு

பார்த்தேன் தம்பி. ஹர்ட்ஸ் வாங்கியது அந்த ஒரு ஆட்டத்துக்கான விருது. அதைத் தடுப்பாட்டக்காரர்கள் பலர் வாங்கியிருக்கிறார்கள், 2016-இல் வான் மில்லர் வாங்கினார். சீசன் முழுவதற்கும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கொடுக்கிற எம்விபிதான் அபூர்வம். அது இதுவரை இரண்டே இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்குப் போயிருக்கிறது. ஒருவர் நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர், 1986. அவருக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே, 1971-இல், மின்னசோட்டா வைக்கிங்ஸின் ஆலன் பேஜ் வாங்கிவிட்டார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அவரையேதான் காட்டுவேன். ஃபுட்பால் ஆடி முடித்தபின் சட்டம் படித்து, மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் 22 வருஷத்துக்கு மேல் நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர். நான் மினியாபொலிஸில் குடியிருக்கிறேன். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் ஆட்டத்தைச் சொல்வார்கள், சின்னப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 11

1971-இல் அப்படி என்ன செய்தார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பேஜ் ஆடியது டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் நடு இடம். அங்கே நிற்பவரின் வேலை, எதிரே நிற்கும் மலை மாதிரி ஆளை இடித்து இடத்தை அடைத்துக்கொள்வது. பெரிய உடம்பு இருந்தால் போதும் என்றுதான் அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் நினைத்தார்கள். பேஜ் அப்படி ஆடவில்லை. பழைய படச்சுருள்களில் பார்த்தால் தெரியும், பந்து அசைந்த நொடியில் இவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருப்பார், எதிராளி இடிக்கக் கை நீட்டும்போது அங்கே ஆள் இருக்காது. கபடியில் பாடி வருகிறவன் ஒரு பக்கம் போக்குக் காட்டிவிட்டு மறுபக்கம் பாய்வான் இல்லையா, அந்த மாதிரி.

அந்த சீசனில் 14 ஆட்டங்களில் வைக்கிங்ஸ் விட்டுக்கொடுத்தது மொத்தமே 139 புள்ளிகள். ஆட்டத்துக்குப் பத்துகூட வராது. கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், பேஜ் என்று நால்வர் முன்வரிசை. 'ஊதா நிற ஆள் தின்னிகள்' என்றே பட்டப்பெயர். டெட்ராய்ட்டில் நடந்த ஒரு ஆட்டத்தில் நடுவர் பேஜ் மேல் அடுத்தடுத்து தவறு விதித்துவிட, மனுஷன் கொதித்துப்போய் அதற்கப்புறம் ஆடிய ஆட்டத்தைத் தனியாகவே எடுத்து இன்றைக்கும் போடுகிறார்கள். ஒரே ஆள் ஒரு தாக்குதல் வரிசை முழுவதையும் பின்னால் தள்ளிக்கொண்டு போவதை நான் அதில்தான் பார்த்தேன்.

எம்விபி வாங்கிய அந்த சீசனிலும் கோப்பை கிடைக்கவில்லை, பிளேஆஃபில் டல்லஸிடம் 20-12 என்று போய்விட்டது.

பிப்ரவரி 12

'எத்தனை சாக் எடுத்தார்?' என்று கேட்டவருக்கு: குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் அந்தக் கணக்கை லீக் அதிகாரபூர்வமாக வைக்க ஆரம்பித்ததே 1982-இல். பேஜ் கடைசியாக ஆடியது 1981. அதனால் அதிகாரபூர்வமான கணக்கில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. பிறகு படச்சுருளைப் பார்த்து எண்ணியவர்கள் நூற்றுக்கு மேலே சொல்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

எனக்குப் பிடித்த எண் வேறு. பதினைந்து சீசன். முதல் பதினொன்றில் சீசனுக்கு 14 ஆட்டம், 154. கடைசி நான்கில் 16, ஆக 64. கூட்டினால் 218. அவர் ஆடியதும் 218. ஒன்றைக்கூட விடவில்லை.

பிப்ரவரி 15

பிறந்த ஊர் ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன், 1945. இரும்பாலை ஊர். அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்தவர். அந்த ஊரில் ஒரு கறுப்பினப் பையன் படித்து முடித்தால் நேரே ஆலைக்குத்தான். 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது அவருக்கு எட்டு வயது. சட்டம் என்றால் ஏதோ செய்ய முடிகிற விஷயம் என்று அப்போதே மனதில் விழுந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வக்கீல் ஆக வேண்டும் என்ற ஆசை ஃபுட்பாலுக்கும் முந்தியது.

ஃபுட்பால் ரசிகர்களுக்குக் கேன்டன் கோயில் மாதிரி. தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபம், ஹால் ஆஃப் ஃபேம், அங்கேதான் இருக்கிறது. 1963-இல் திறந்தார்கள். அதற்கான கட்டுமான வேலையில் கூலிக்குப் போன பள்ளிப் பையன்களில் ஒருவர் ஆலன் பேஜ். இருபத்தைந்து வருஷம் கழித்து, 1988-இல், அதே மண்டபத்துக்குள் அவருடைய சிலையை வைத்தார்கள்.

நடுவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம், 1966-இல் தேசிய சாம்பியன் அணி, அரசியல் அறிவியல் பட்டம், 1967 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் பதினைந்தாவது ஆளாக வைக்கிங்ஸ்.

பிப்ரவரி 16

பத்தாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். 'ஆடி முடித்தபின் சட்டம் படித்தார்' என்று எழுதிவிட்டேன், அது தவறு. மின்னசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் அவர் பட்டம் வாங்கியது 1978-இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே. அதற்கு முன்பு ஒரு தடவை வேறொரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரத்திலேயே விட்டுவிட்டார். திரும்பச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், வாரநாளில் வகுப்பு.

இந்தத் தேதியை விட்டால் அவர் கதையே மாறிவிடுகிறது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். முதல் பாதி விளையாட்டு, இரண்டாம் பாதி நீதி என்று எல்லாரும் இரண்டாகப் பிரித்து எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு கோடே கிடையாது. வீரர் சங்கத்தில் வைக்கிங்ஸ் அணியின் பிரதிநிதி அவர்தான். ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும், என்ன ஈடு என்பதை லீக் ஆணையரே தீர்மானிப்பார் என்று ஒரு விதி இருந்தது, ரோசெல் விதி என்பார்கள். அப்படி ஒரு விதி இருந்தால் எந்த அணிதான் துணிந்து ஆள் எடுக்கும்? ஜான் மேக்கி தலைமையில் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். மனுதாரர்களில் பேஜும் உண்டு. மினியாபொலிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 1975-இல் அந்த விதி செல்லாது என்றது, மேல்முறையீட்டிலும் வீரர்கள்தான் ஜெயித்தார்கள்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே, தன் முதலாளிகள் மீதான வழக்கில் பெயர் கொடுத்தவர் அவர்.

பிப்ரவரி 22

சரி, 1978-க்கு வருவோம். எனக்கு இதை எழுதும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். துணைக்குப் போன பேஜும் ஓட ஆரம்பித்தார். ஓட்டம் பிடித்துவிட்டது. 110 கிலோ இருந்தவர் 100 கிலோவுக்கு இறங்கிவிட்டார். தன் உடம்பு இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்பது அவர் எண்ணம். பயிற்சியாளர் பட் கிராண்டுக்கோ, நடு வரிசையில் நிற்கிறவருக்கு அந்த எடை போதாது. அக்டோபரில், சீசன் நடுவிலேயே, அணி அவரை விட்டுவிட்டது. சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. கட்ட வேண்டிய தொகை 100 டாலர். ஆமாம், நூறுதான், பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை.

பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆம்ஸ்ட்ராங், தடுப்பைப் பார்த்துக்கொண்ட பட்டி ரயன் இருவருமே முன்பு வைக்கிங்ஸில் இருந்தவர்கள், பேஜை அறிந்தவர்கள். அங்கே போய் இன்னும் மூன்றரை சீசன் ஒரு ஆட்டம் விடாமல் ஆடினார். 1979-இல் மாரத்தான் ஓடி முடித்தார். லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தான் முடித்த முதல் வீரர் அவர் என்கிறார்கள். 1987-இல் 100 கிலோமீட்டர் பந்தயமே ஓடினார்.

பட் கிராண்ட் செய்தது பெரிய தவறு.

மார்ச் 3

போன குறிப்பின் கடைசி வரியை ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார், நியாயம்தான். கிராண்ட் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு வாரமாக யோசித்தேன். மைனஸ் குளிரிலும் மைதான ஓரத்தில் ஹீட்டர் வைக்கக் கூடாது என்று சொன்ன ஆள் அவர். எல்லாரும் ஒரே மாதிரி தாங்க வேண்டும் என்பது அவர் வழி. 33 வயது ஆட்டக்காரர், எடை குறைந்து, சட்டப் படிப்பு வேறு முடித்திருக்கிறார். எந்தப் பயிற்சியாளருக்கும் 'இவர் மனசு இங்கே இல்லை' என்று தோன்றலாம்.

அந்த வாக்கியத்தை என்னிடமும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்த ஊருக்கு வந்த புதிதில் பகலில் ஒரு கம்பெனியில் வேலை, ராத்திரி கணக்குப் பதிவுப் பரீட்சைக்குப் படிப்பு. மேஜை மேல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் என்னைக் கூப்பிட்டு அப்படிச் சொன்னார். அந்த மாதம் நான் ஒரு ஃபைலைக்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பதுகூட ஞாபகம் இல்லை, புத்தகத்தைப் பைக்குள் வைத்த கை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதனால் கிராண்டின் கணக்கு எனக்குப் புரிகிறது, பேஜ் பக்கம்தான் நிற்கிறேன். 218 ஆட்டம் விடாமல் ஆடியவரின் மனசு எங்கே இருந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 9

தம்பி, உங்கள் முதல் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். 'ஒரு ஆளைக் காட்டுங்கள்' என்றீர்கள், காட்டிவிட்டேன். ஆனால் அந்த ஒருவரை வைத்து உங்கள் பயம் பொய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது.

ஃப்ரெட் மெக்நீல் என்று ஒருவர். 1974-இல் முதல் சுற்றில் வைக்கிங்ஸுக்கு வந்த லைன்பேக்கர். நான்கு சீசனுக்கு மேல் பேஜுக்குப் பின்னால் நின்று ஆடியவர். இவரும் ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் படித்தார், நன்றாகவே படித்தார். 1985-இல் ஓய்வு, அப்புறம் வக்கீல். சில வருஷங்களில் மறதி ஆரம்பித்தது, வேலை போனது, கோபம் வந்தது, குடும்பம் தவித்தது. 2015-இல் 63 வயதில் இறந்தார். உயிரோடு இருந்தபோதே அவர் மூளையை ஸ்கேன் செய்து சிடிஇ என்கிற அந்த மூளைச் சிதைவுக்கான அடையாளங்களை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள், இறந்தபின் பிரேதப் பரிசோதனை அதையே உறுதி செய்தது.

ஒரே அணி, ஒரே கனவு, ஒரே படிப்பு. பேஜ் ஓய்வு பெற்றதும் அதே 2015-தான், எழுபது வயது ஆகிவிட்டதால் சட்டப்படி நீதிபதி நாற்காலியை விட வேண்டிய வருஷம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பேஜ் தப்பியதற்கு உழைப்பு காரணம் என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெக்நீலும் உழைத்தவர்தான்.

மார்ச் 10

கபடி உதாரணம் சரியில்லை என்று எழுதியவருக்கு: ஒத்துக்கொள்கிறேன். கபடியில் தலையால் இடிப்பதில்லை. நேற்றுக் குறிப்பு எழுதிய பிறகு எனக்கே அது உறுத்தியது.

ஏப்ரல் 6

ஒரு மாதமாக வேலை, எழுத முடியவில்லை. நீங்கள் கேட்டது பேஜ் படிப்புக்காகச் செய்ததைப் பற்றி, அவருடைய அறக்கட்டளையைப் பற்றி.

அணிக் கூட்டம் ஒன்றில் ஆட்டத் திட்டப் புத்தகத்தை ஆளுக்குக் கொஞ்சமாக உரக்கப் படிக்கச் சொன்னார்களாம். பேஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்குப் படிக்க வரவில்லை. வரிக்கு வரி தடுக்கியது. எல்லாரும் கல்லூரி போய் வந்தவர்கள். நான்கு வருஷம் பல்கலைக்கழகத்தில் இருந்தவனை எழுத்துக் கூட்டத் தெரியாமல் வெளியே அனுப்பியிருக்கிறார்கள், ஏனென்றால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவன் தோள் போதுமாக இருந்தது. பேஜ் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

1988-இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது, தன்னை அறிமுகம் செய்ய அவர் பயிற்சியாளரையோ கூட ஆடியவரையோ கூப்பிடவில்லை. மினியாபொலிஸின் நார்த் உயர்நிலைப் பள்ளி முதல்வர் வில்லரீன் பீஸ்லியைக் கூப்பிட்டார். ஏற்புரையும் கல்வி பற்றித்தான். அதே வருஷம் டயானோடு சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையை ஆரம்பித்தார். வெள்ளையரல்லாத மாணவர்கள் கல்லூரி போக உதவித்தொகை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு நிபந்தனை: பணம் வாங்குகிற மாணவர் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும்.

பள்ளிகளுக்கு அவர் போனால் பிள்ளைகள் முதலில் பார்ப்பது அவர் சுண்டுவிரலை. ஆட்டத்தில் பிசகிப் பிசகி, இப்போது பக்கவாட்டில் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்களாம், அவரும் காட்டுவாராம். மகளோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றியே பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 12

நீதிபதி ஆனது எப்படி என்று சொல்லாமலே போய்க்கொண்டிருக்கிறேன்.

மின்னசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குத் தேர்தல் உண்டு. ஆனால் பெரும்பாலும் இடம் காலியானதும் ஆளுநர் ஒருவரை நியமித்துவிடுவார், அவர் பதவியில் இருந்தபடியே தேர்தலுக்கு நிற்பார். வெளியே இருந்து ஒருவர் வருவது அபூர்வம். 1992-இல் ஒரு நீதிபதியின் பதவிக்காலம் முடிய வேண்டும், பேஜ் நிற்கத் தயார். ஓய்வூதியத் தகுதிக்காக அந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் ஆர்ன் கார்ல்சன் நீட்டித்தார், தேர்தல் இல்லை என்றாகிவிட்டது. பேஜ் வழக்குப் போட்டார். எந்த நீதிமன்றத்தில் உட்கார நினைத்தாரோ அதே நீதிமன்றத்தில்! இருந்த நீதிபதிகள் விலகிக்கொள்ள, அவர்களுக்குப் பதில் வேறு நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்து, தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்றார்கள். நடந்தது, ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1998, 2004, 2010 என்று மூன்று தடவை மறுபடியும் ஜெயித்தார்.

ரோசெல் விதி வழக்கை இதோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டிலும் விதியை எழுதுகிறவர்கள் தங்களுக்கு வசதியாக எழுதிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே வாதம்தான்.

மே 4

2018 பிப்ரவரியில் சூப்பர் பௌல் எங்கள் ஊரில் நடந்தது. ஊரே திருவிழா. அந்த நாட்களில் மத்திய நூலகத்தில் பேஜ் தம்பதி சேர்த்து வைத்த பொருட்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஃபுட்பால் நினைவுப் பொருட்கள் என்று நினைத்துக்கொண்டு என் பையனைக் கூட்டிப் போனேன். உள்ளே இருந்தது அடிமைக் காலத்திலிருந்து இன்று வரைக்குமான கறுப்பின வரலாறு. லிங்கனின் இறுதி ஊர்வலத்துக்காகச் செய்த 1865-ஆம் வருஷத்துப் பதாகை, 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற அறிவிப்புப் பலகைகள். அந்தப் பலகை ஒன்றின் முன்னால் பையன் நின்றுவிட்டான். 'அப்பா, நாம எந்தப் பக்கம் போயிருக்கணும்?' என்றான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை, வீட்டுக்கு வரும் வழியில்தான் பேசினோம்.

அதே வருஷம் செப்டம்பரில் டயான் புற்றுநோயில் இறந்துபோனார். நவம்பரில் பேஜுக்கு அதிபர் கையால் சுதந்திரப் பதக்கம்.

மே 5

முதல் நாள் ஒரு பள்ளிக்கூடம் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கேட்டிருக்கிறார்கள். தெற்கு மினியாபொலிஸில் ராம்சே பெயரில் நடுநிலைப் பள்ளி ஒன்று இருந்தது. டகோட்டா பழங்குடிகளை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று 1862-இல் பேசிய ஆளுநர் அவர். இந்தப் பெயர் எங்கள் பள்ளிக்கு வேண்டாம் என்று மாணவர்களே கிளம்பினார்கள். 2017-இல் நீதிபதி பேஜ் நடுநிலைப் பள்ளி ஆயிற்று.

ஜூன் 4

ஜிம் மார்ஷல் நேற்று இறந்துவிட்டார், 87 வயது. பேஜோடு ஒரே வரிசையில் நின்றவர். 282 ஆட்டம் தொடர்ந்து ஆடியவர், பேஜின் 218-ஐயும் தாண்டியது அது. 1964-இல் சான் பிரான்சிஸ்கோவில் எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு 66 கெஜம் தப்பான பக்கம் ஓடினார், ஊர் சிரித்தது. அந்த ஆட்டத்தை வைக்கிங்ஸ்தான் 27-22 என்று ஜெயித்தது, அதை யாரும் சொல்வதில்லை. அவ்வளவு ஆடியும் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும்.

ஜூன் 8

'நேரில் பார்த்திருக்கிறீர்களா?' ஒரு தடவை, சுமார் எட்டு நொடி.

இங்கே வருஷா வருஷம் அக்டோபரில் மாரத்தான். மினியாபொலிஸில் கிளம்பி, ஏரிகளைச் சுற்றி, செயின்ட் பால் நகரில் முடியும். நான் ஓடிய வருஷம், மூன்றாவது மைல் வாக்கில், ஏரிக்கு முந்தைய மரத்தடித் தெருவில் தூரத்திலிருந்தே ஒரு சத்தம், பெரிய சங்கை அடிவயிற்றிலிருந்து ஊதுகிற மாதிரி. கிட்டே வந்தால் ஓரத்தில் உயரமான ஒருவர் நின்று டியூபா வாசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஓடிய பெண் 'ஜஸ்டிஸ்!' என்று கத்திக் கையசைத்தார். அப்போதுதான் யாரென்று தெரிந்தது. வாயை எடுக்காமல் கண்ணால் ஒரு தலையசைப்பு, எங்கள் எல்லாருக்குமாக. அந்தச் சுண்டுவிரலைப் பார்த்துவிட வேண்டும் என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் வந்தவர்கள் மறைத்துவிட்டார்கள்.

ஜூன் 9

டியூபா இல்லை, சூசஃபோன். உடம்பைச் சுற்றித் தோளில் தாங்கிக்கொள்வது, ஒலி வெளிவரும் பகுதி தலைக்கு மேலே விரிந்து நிற்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் திருத்தினார், நன்றி.